கம்பியைத் தொடாத கை

சத்தம் அடங்கிப்போனதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். மாடி அறையின் தரையில் உட்கார்ந்து, மகளின் கிட்டாரை மடியில் கிடத்தி, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற மகளின் ஆம்ப் பெட்டியில் முதுகைச் சாய்த்து, மழைக்கு முந்திய புழுக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். பெட்டி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்கு அப்பால் யாரோ தறி ஓட்டுவது போன்ற, ஏற்ற இறக்கமில்லாத, அடித்தொண்டை முனகல். அதைக் கேட்கத்தான் அவள் தினமும் மாடிக்கு வருவாள். அந்த முனகல் சட்டென்று தணிந்தது. திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அழுகிற பிள்ளையின் தோளில் யாரோ கைவைத்து அமர்த்தினாற்போல அடங்கியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் முனகல் திரும்பவும் வந்தது.

முனகல் அடங்கியிருந்தபோது முதுகில் சூடும் குறைந்திருந்தது. ஜன்னல் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் தையல்காரி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று ஊரில் யார் சீருடை போட்டாலும் அதில் பாதிக்கு மேல் அவள் கீழறை மிஷினில் தைத்ததுதான். கணவர் அச்சகத்தில் மிஷின்மேன். பாதி ஆயுசை அந்த இரைச்சலில் கழித்தவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. இவர்களுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து வாயை மூடாமல் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் வண்டு. சாப்பிடும்போது முனகல், குளிக்கும்போது முனகல், பரீட்சை ஹாலில்கூட முனகி வாத்தியாரிடம் திட்டு வாங்கியவள். பல்பு வைத்த பழைய ஆம்ப் ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து மாடியில் வைத்து, அதைச் சுற்றி சத்தத்தை மாற்றுகிற, மிதிகட்டைபோன்ற சின்னச் சின்னப் பெடல் பெட்டிகளைப் பரப்பி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசினாள். காது கேட்காத அப்பாவே "என்னடி சத்தம்?" என்று கேட்ட அன்று பெட்டியை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதன் திறந்த முதுகுதான் அறையைப் பார்த்தபடி இருந்தது. மரச்சட்டத்துக்கு நடுவில் ஒரு கை தாராளமாக நுழைகிற அகலத்தில் இருட்டு இடைவெளி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பல்புகள். சூடேறிய தூசியின் வாசனை.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர்களும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் எதை எப்படி விட்டுவிட்டுப் போனாளோ அதை அப்படியே வைத்திருந்தாள் தாய். சொருகிய வயர் சொருகியபடி, திருகிய குமிழ் திருகியபடி. கிட்டாரைத் தூக்கும்போதுகூட மரத்தை மட்டும்தான் பிடிப்பாள். கம்பிகளில் மகளின் விரல் அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. தன் கை பட்டு அது அழிந்துவிடக் கூடாது.

அப்படியிருக்க முனகல் ஏன் நிற்கிறது? மறுநாளும் நின்றது, அதற்கு அடுத்த நாளும் நின்றது. தெரிந்தவர் யாரையாவது கேட்டுவிடுவது என்று கடைத்தெருவில் இருக்கும் ஸ்பீக்கர்காரரிடம் போனாள். கல்யாண மண்டபத்து மைக்கிலிருந்து பிள்ளைகள் உடைத்த ரேடியோ வரை எல்லாவற்றையும் திறந்து பரப்பி வைத்துக்கொண்டு, வாயில் திருப்புளியைக் கடித்தபடி பேசுகிற மனிதர். வண்டு அவர் கடையே கதியென்று கிடந்தவள்.

"சின்னப்புள்ளத்தனமா இருந்தா சிரிக்காத தம்பி. எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது" என்று ஆரம்பித்தாள்.

"கேளுங்கக்கா."

"அந்தச் சின்னப் பெடல் பெட்டியில ஒண்ணுல விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்தது. இப்ப எரியல. அதுல ஆஃப் பண்ற ஸ்விட்சே இல்லையா?"

"வயரை சொருகுற ஓட்டைதான் அதுக்கு ஸ்விட்ச். வயரு உள்ள இருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க உருவாம விட்டிருப்பீங்க, தீந்து போயிருக்கும்."

"அவ உருவாம விட்டிருந்தா. நானும் உருவல."

அவர் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். எதிரொலி ஏன் போகப் போகத் தேய்கிறது, எந்தப் பெடல் முன்னால், எது பின்னால், ஆம்பில் பல்பு எதற்கு என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். இதையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மகள் வாய் ஓயாமல் சொன்னபோது, "எனக்கு எதுக்குடி இதெல்லாம், ரசம் ஆறுது" என்று சொன்னவள் அவள்தான். இப்போது காது கொடுக்கிறாள், சொல்ல வேண்டியவள் இல்லை. கடைசியாகத்தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"பெட்டி முனகுதில்ல, அது திடீர்னு ஏன் அடங்குது?"

"அதுவா. நம்ம உடம்பு இருக்கே, அது வீட்டுல ஓடுற கரண்டோட சத்தத்தையெல்லாம் இழுத்து வச்சிக்கும். கிட்டாரை மடியில வச்சா அந்த சத்தம் கிட்டார்ல ஏறும், பெட்டி முனகும். கம்பியைத் தொட்டீங்கன்னா உங்க உடம்பு எர்த்தோட சேந்துரும். சத்தம் நின்னுடும். எல்லாரும் மொதல்ல கேக்குற கேள்விதான் இது."

"நான் கம்பியைத் தொடலயே."

"தெரியாம பட்டிருக்கும்க்கா. கம்பியில கை பட்டாத்தான் நிக்கும்."

அவள் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் நெஞ்சு படபடத்தது. பயம் அல்ல. வெட்கப்பட வேண்டிய அளவுக்குச் சந்தோஷம்.

கம்பியில் கை பட்டால்தான் நிற்கும். தன் கை படவில்லை. அப்படியென்றால் பட்டது எந்தக் கை?

அதற்குப் பிறகு மிஷினில் துணி குவிந்தது. மதியம் கணவர் வேலைக்குப் போனதும் மாடியேறுவாள். பெட்டியைப் போடுவாள், பல்புகள் சூடாகும்வரை காத்திருப்பாள், சாய்ந்துகொள்வாள். முனகல் அடங்கிய மறுகணம் பேச ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். அப்பா இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவதைச் சொன்னாள். "நம்ம விரல் விளையாட்டு ஞாபகம் இருக்காடி?" என்று கேட்டாள். ஊசி குத்திக் குத்தி இவளுடைய ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. கம்பி அழுத்தி அழுத்தி மகளுடைய இடதுகை விரல் நான்கின் நுனியும் காய்த்திருந்தன. "என்னோடதுதான் கெட்டி" என்று மகள் ஒவ்வொரு விரலாக இவள் விரல்மேல் தட்டுவாள். மரத்தில் மரம் பட்டதுபோல டொக் டொக்கென்று கேட்கும். இவள் தோற்றுக் கொடுப்பாள். அதையெல்லாம் ஒன்று விடாமல், எந்த விரல் முதலில், எத்தனை தட்டு என்பது வரை, வெற்று அறைக்குச் சொன்னாள். அவள் சொல்லும் நேரமெல்லாம் முனகல் எழவே இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"நீ சரியில்ல" என்றார் கணவர் ஒருநாள். "தச்சுக் குடுக்கறதில்ல, தூங்கறதில்ல. அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுவுற. அவகூட டிரம் வாசிச்ச பொண்ணு கேட்டுது, குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வண்டியோட வருது."

"என்னங்க, அது போச்சுன்னா அவ போயிடுவா" என்று அவர் காதருகே சொன்னாள்.

"போயிட்டாம்மா" என்றார் அவர். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்கு எப்போதுமே தெரியாது. அந்த வார்த்தை வீடு முழுக்கக் கேட்டது.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி அவர்தான் ஸ்பீக்கர்காரரை அழைத்திருந்தார். மனிதர் அன்று மதியமே வந்து மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளை வழக்கம்போல கிட்டாரோடு சாயச் சொன்னார். முனகல் ஏறியது.

"இப்ப கம்பியைத் தொடுங்க."

"அவ கை அழுக்கு..."

"லேசா, நுனியில. ஒண்ணும் ஆவாது."

தொட்டாள். முனகல் அப்படியே இருந்தது. கையை நன்றாக விரித்து ஆறு கம்பியையும் அழுத்தினாள். அசையவில்லை.

ஸ்பீக்கர்காரர் புருவத்தைச் சுருக்கினார். கிட்டாரை வாங்கித் திருப்பி, மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தனியாக நின்ற ஒரு வயர் நுனியை விரலால் நிமிண்டினார்.

"அக்கா, பாப்பா இதைப் பிரிச்சு, கம்பிக்குக் கீழ சத்தத்தைப் பிடிக்கிற காயிலை மாத்தியிருக்கு. எல்லாம் அழகா பண்ணியிருக்கு. இந்த ஒரு வயரை மட்டும் பத்த வைக்கல. கம்பியையும் எர்த்தையும் சேக்குற வயரு. புதுசா பண்றவங்க எல்லாரும் மறக்குறதுதான். மறந்துச்சோ, இல்ல பாதியில எழுந்து போச்சோ."

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஈயம் உருக்கி வயர் பற்றவைத்த சால்டர் புகை வாசனையோடு மகள் படியிறங்கி வந்த சாயங்காலம். "தலை வலிக்குதும்மா. இன்னும் ஒரே ஒரு வயருதான். நாளைக்கு முடிச்சிக்கிறேன்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது கொதித்தது.

"நான் பத்த வச்சுடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் தம்பி. அவ விட்ட எடம் அப்படியே இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்போ, கம்பியைத் தொட்டா சத்தம் நிக்காதா?"

"இதுல நிக்காது. பாப்பா மாத்தின அன்னையிலேருந்து யாரு தொட்டாலும் நின்னுருக்காது."

"நின்னுதே. தினமும் நின்னுதே."

"அப்படின்னா நீங்க வேற எர்த்தைத் தொட்டிருக்கணும்." பெட்டியின் திறந்த முதுகைக் காட்டினார். "உள்ள மேல பாருங்க, ஒரு இரும்புத் தகடு. அதான் எர்த்து. ஆனா நீங்க கையை விடாதீங்க, ஆஃப் பண்ணினாலும் உள்ள கரண்டு தேங்கி நிக்கும். ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல, இது கைக்கு." கிட்டாரை அவள் மடியில் திரும்ப வைத்துவிட்டு, அவர் பழக்கப்பட்ட விரலால் தகட்டின் விளிம்பைத் தொட்டார். "கொஞ்சம் முழங்கையைக் காட்டுங்க. தப்பா நெனச்சிக்காதீங்க." மறுகையால் அவள் முழங்கையைத் தொட்டார்.

முனகல் அடங்கியது. அதே அடங்கல்தான்.

"பாத்தீங்களா. என் ஒரு கை தகட்டுல, ஒரு கை உங்க மேல. என் வழியா உங்க உடம்பு எர்த்தாயிடுச்சு." கையை எடுத்தார். முனகல் வந்தது. அவர் சிரித்தார். "நீங்க தகட்டைத் தொடலன்னா, இப்படித்தான் யாராவது உங்களுக்குப் பின்னால உக்காந்து உங்களைப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்குத் தோன்றியது. முகம் மாறியது. "சும்மா சொன்னேன்க்கா" என்றார். கிட்டார் மூடியைத் திருகினார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

மழை இறங்கவில்லை, வானம் மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் வேலையிலிருந்து வந்துவிட்டார், கீழே வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. இன்று அவரே சமைக்கிறார். நாளைக் காலை வண்டி வரும். அவள் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டியைப் போட்டாள். பல்புகள் மெல்லச் சிவந்து, ஆரஞ்சாகி, இடைவெளிக்குள் இரண்டு கங்குகளாக நின்றன. கிட்டாரை மடியில் வைத்தாள். எப்போதும்போலச் சாய்வதற்கு இன்று முதுகு கூசியது. சாய்ந்தாள். வண்டுவாக இருந்தால் ஏன் பயப்பட வேண்டும்? கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவ்வளவுதானே. சின்ன வயதிலும் அப்படித்தான். மிஷினில் தைத்துக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். இத்தனை நாளும் மகள் தன்னைத் தொட்டிருக்கிறாள், தனக்குத்தான் தெரியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தன் சதைக்குக்கூடத் தெரியவில்லையே என்று அழுகை முட்டியது.

முனகல் ஓடிக்கொண்டிருந்தது. பல்புகளின் வெதுவெதுப்பு இடைவெளி வழியாக வந்து பிடரியில் படிந்தது. எதிரே ஜன்னல் கண்ணாடி கறுத்து, அதில் அறை மங்கலாகத் தெரிந்தது: அவள், மடியில் கிட்டார், தோளுக்கு மேலே இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். வெங்காய வாசனை. தூசி கருகும் வாசனை. அதற்கு அடியில், இன்றுதான் கவனிக்கிறாள், நெடுநாள் மூடிக் கிடந்த பீரோவின் வாசனை.

"வண்டு" என்றாள்.

கண்ணாடியில் ஒரு புள்ளி மறைந்தது. பல்பு அணையவில்லை. அதற்கு முன்னால் ஏதோ வந்திருந்தது.

பிடரியில் வெதுவெதுப்பு போயிற்று.

முனகல் அடங்கியது.

இன்று எங்கே என்று தெரிந்து கவனித்தாள். கழுத்தில்தான். எடை இல்லை. ஈரத்துணி போட்டாற்போல ஒரு குளிர்ச்சி, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு. இவ்வளவு நாளும் ஜன்னல் காற்று என்று இதைத்தான் நினைத்திருக்கிறாள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. எப்போதும் சாத்தித்தான் இருந்தது.

"அம்மாதான்டி" என்றாள். குரல் உடைந்தது. "நாளைக்கு உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு தடவை. நீதான்னு எனக்குத் தெரியணும்."

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, பின்பக்கமாக மடக்கி, இடைவெளிக்குள் நீட்டினாள். விரல்களை விரித்தாள். விளையாட்டுக்கு நீட்டுவதுபோல.

பல்பின் சூடு. அதைத் தாண்டி வெறும் காற்று. அதைத் தாண்டி.

விரல்கள்.

ஒன்று அவள் விரல்மேல் வந்து நின்றது. அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவள் உயிரெல்லாம் அந்த நுனிகளுக்குப் போயிற்று. தடவினாள். துணியின் இழையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிற கை அது. அந்தக் காய்ப்புகளைத் தேடியது. ஆள்காட்டி விரலில் பிளவு விட்ட அந்தக் காய்ப்பை, சுண்டு விரலில் இருந்த சின்னதை.

வழவழவென்று இருந்தது.

காய்ப்பு இல்லை. ரேகை இல்லை. நகம் தேடினாள். நகமும் இல்லை.

ஒருநாளும் ஒரு கம்பியையும் தொட்டிராத விரல்கள்.

கையை இழுத்தாள். வரவில்லை. அவள் விரல்களுக்கு இடையில் அவை கோத்துக்கொண்டிருந்தன.

கீழேயிருந்து கணவர் கூப்பிட்டார். "சாப்பிட வரியா?"

"என்னங்க" என்றாள். அவருக்குக் கேட்காது. சாதாரணமாகப் பேசினாலே கேட்காது, இது மூச்சு மட்டும்தான்.

முனகல் திரும்பவில்லை. அப்படியானால் தகட்டின்மேல் ஒரு கை இன்னும் இருக்கிறது. கழுத்தில் குளிர்ச்சி விலகவில்லை. அது பிடரியைச் சுற்றிப் பிடித்த இன்னொரு கை.

அப்படியானால் விரல்களைக் கோத்துக்கொண்டிருப்பது?

கண்ணாடியில் இரண்டாவது புள்ளியும் மறைந்தது.

இத்தனை நாள் இதனிடம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மகளின் செல்லப்பெயரை. அவர் அழுவதை. பயம் ஏறியது. அதையும் மீறிக்கொண்டு ஏறியது இன்னொன்று. வண்டு இங்கே இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

"எம்பொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

கோத்திருந்த விரல்கள் தளர்ந்தன. ஆள்காட்டி விரல் முதலில். அதுதான் முதலில் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். காய்த்துப் போன அவள் விரல் நுனியின்மேல் அது தட்டியது. அப்புறம் நடுவிரல். அப்புறம் மோதிரவிரல். அப்புறம் சுண்டு விரல். முறை மாறாமல், சொன்ன கணக்குக்கு, திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தது.

டொக்கென்ற சத்தம் மட்டும் வரவில்லை.